நடு என்பது எது?
(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



கணக்கு வாத்தியாரை மேடையேற்றினால் கணக்குத்தான் வரும். பந்திக்கு நேரமாச்சுன்னு எனக்கும் தெரியும், கொஞ்சம் பொறுத்துக்குங்க.

ஆயத்தொலை வடிவியலில் ஒரு சின்னக் கேள்வி. ஒரே புள்ளியிலிருந்து இரண்டு கோடுகள் கிளம்புகின்றன. ஒன்றின் சாய்வு 1, மற்றதன் சாய்வு 7. இடைப்பட்ட கோணத்தைச் சரிபாதியாக வெட்டும் இருசமவெட்டியின் சாய்வு என்ன? நான் பாடம் நடத்திய காலமெல்லாம் வகுப்பில் முதலில் எழும் குரல், "நாலு சார்!" என்பதுதான். ஒன்றையும் ஏழையும் கூட்டி இரண்டால் வகுத்துவிடுவார்கள். சரியான விடை 2.

ஏனுங்க அப்படி? சாய்வு என்பது கோணம் அல்ல; கோணத்தின் டேன்ஜென்ட். கோடு நிமிர நிமிர அது எகிறிக்கொண்டே போகும். 45 டிகிரியில் 1. ஏறத்தாழ 82 டிகிரியில் 7. நடுக்கோணம் ஏறத்தாழ 63½ டிகிரி. அதன் டேன்ஜென்ட் 2.

சூத்திரம் மறந்துபோனாலும் வழி இருக்கிறது. இரண்டு கோடுகளிலும் ஒரே தூரம் நடங்க. முதல் கோட்டில் (5, 5). இரண்டாவதில் (1, 7). இரண்டுக்கும் வர்க்கங்களைக் கூட்டினால் 50தான். ஆகவே தூரம் சமம். இரு புள்ளிகளுக்கும் நடுப்புள்ளி (3, 6). மூலையிலிருந்து அதற்குக் கோடு இழுத்தால் சாய்வு 2. அதற்குச் செங்குத்தாக, வெளிக்கோணத்தை வெட்டும் இன்னொரு இருசமவெட்டியும் உண்டு. அதன் சாய்வு −½.

இதனால் என்ன பிரயோசனம் என்பீர்கள். நம்ம பக்கம் பாகப் பிரிவினை நடக்காத ஊர் உண்டா? அந்த இரண்டு கோடுகளையும் வேலியாகக் கொண்ட முக்கோணத் தோட்டம் ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். வடக்கு எல்லை (1, 7) முதல் (7, 7) வரை. அளவு 66 அடிச் சங்கிலியில். பரப்பு 21 சதுரச் சங்கிலி, அதாவது 210 செண்ட். இதை அண்ணன் தம்பி இருவருக்கும் பிரிக்க வேண்டும்.

சாய்வுகளின் சராசரியை வைத்து வேலி போட்டால், ஒருவருக்கு 26¼ செண்ட், மற்றவருக்கு 183¾. கோர்ட்டுக்குப் போகாமல் இருப்பார்களா? சரி, கோணத்தைப் பாதியாக்கினால்? 87½ செண்டும் 122½ செண்டும். கணக்கு சரி, பங்கு தப்பு! கோண இருசமவெட்டி எதிர்ப்பக்கத்தை மற்ற இரு பக்கங்களின் விகிதத்தில், இங்கே 5க்கு 7 என்று, வெட்டும். ஆளுக்கு 105 செண்ட் வேண்டுமானால் வடக்கு எல்லையின் நடுப்புள்ளிக்கே கோடு போக வேண்டும். அதன் சாய்வு 1¾.

அப்படியானால் இருசமவெட்டி எதற்கு? அதன்மேல் எங்கே நின்றாலும் இரு வேலிகளும் சம தூரம். இருவருக்கும் பொதுவாகக் கிணறு தோண்ட அதுதான் இடம். ஒரே மூலையில் எண்ணின் நடு, கோணத்தின் நடு, நிலத்தின் நடு என்று மூன்று நடு இருப்பதைப் பாருங்கள்.

1802இல் சென்னையில் பெரும் முக்கோண நில அளவையைத் தொடங்கிய லாம்டன், 1806இல் நம் கோயமுத்தூருக்கு அருகிலும் ஓர் அடிக்கோடு அளந்தார். அடிக்கோட்டுக்குச் சங்கிலி, கோணத்துக்குத் தியோடலைட். எதை எதனால் அளப்பது என்ற தெளிவுதான் அந்த வேலைக்கே அஸ்திவாரம்.

நடுவு நிலைமைக்கு வள்ளுவர் தனி அதிகாரமே வைத்தார். மாணவச் செல்வங்களே, நாளைக்கு நீங்கள் அதிகாரியாகலாம், வக்கீலாகலாம், ஊர்ப் பெரியவராகலாம். "பாதிப் பாதி" என்று யாராவது சொன்னால், எதில் பாதி என்று முதலில் கேளுங்கள். கேட்காமல் போட்ட கோடு எவ்வளவு நேராக இருந்தாலும் ஒருவர் வயிறு எரியும்.

இலை போட்டாச்சாம்.