அந்த அரை விநாடி



மயிலாப்பூர்க்காரனான நான் நீந்தக் கற்றது மெரினா நீச்சல் குளத்தில். 2009-இல், கல்லூரிக் கடைசி வருஷம், வெளிநாட்டு மாமா ஒரு பாலியூரித்தேன் நீச்சல் உடை கொண்டுவந்தார். போட்டுக்கொள்ளவே இருபது நிமிஷம்! ஆனால் அது தண்ணீரை உறிஞ்சாது. உடம்பை இறுக்கி மிதக்கவைக்கும். 1995 தெற்காசியப் போட்டிகளுக்காகக் கட்டிய வேளச்சேரி குளத்தில், அடையாறு நண்பனை முதல்முறையாக அரை விநாடியில் ஜெயித்தேன். அவன் போட்டிருந்தது தி.நகரில் வாங்கிய சாதாரண டிரவுசர்.

அதே வருஷம் ரோம் உலகப் போட்டியில் 43 உலக சாதனைகள்! நீந்துவது மனுஷனா, உடையா என்ற கேள்வி எழுந்தது. 2010 ஜனவரி 1 முதல் துணி உடைதான் என்று சர்வதேச சம்மேளனம் விதித்தது. ஆண்களுக்கு இடுப்பிலிருந்து முழங்கால்வரை. பெண்களுக்குத் தோளிலிருந்து முழங்கால்வரை.

நான் இஞ்ஜினீயர், புதுப் பொருளுக்கு விரோதியல்ல. ஆனால் வசதியுள்ளவனுக்கு மட்டும் கிடைக்கும் வேகத்தில் பந்தயம் ஏது? அன்று நான் விதியை மீறவில்லை. ஆனாலும் மனசு ஒப்பவில்லை. இப்போது பெரியவர்களுக்கான போட்டிகளில் இருவருமே துணி உடைதான்; அவன்தான் ஜெயிக்கிறான்.

அந்த மெடலை இன்று கொண்டுவந்திருக்கிறேன். முன்வரிசையில் உட்கார்ந்திருப்பவனே, மேடைக்கு வாடா!