பீரோவில் தூங்கும் சோனா

(நமது சங்கத்தின் உறுப்பினர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



ரிடையர் ஆன பின் என்ன செய்கிறீர்கள் என்று கேட்பவர்களிடம், பழைய கைக்கடிகாரங்களுக்கு வைத்தியம் பார்க்கிறேன் என்று சொல்வது வழக்கம். நமது காரியதரிசி அதையே பேச்சாக்கிவிட்டார். நான் ரசாயனத்தில் பி.எஸ்ஸி. படித்தவன், கடிகாரத் தொழில் கற்றவன் அல்ல. நுணுக்கமான வேலைகளைச் சிக்பேட்டையில் ஒரு பெரியவர் செய்கிறார். எதைச் செய்ய வேண்டாம் என்று சொல்வதுதான் என் பங்கு.

பெங்களூரில் தங்க நிறக் கடிகாரம் என்றால் ஹெச்.எம்.டி.யை விட்டுவிட்டுப் பேச முடியாது. இயந்திரக் கருவிகள் செய்வதற்காக 1953-ல் தோன்றிய இந்தப் பொதுத்துறை நிறுவனம், 1961-ல் ஜப்பானின் சிட்டிஸன் கம்பெனியின் கூட்டுறவோடு ஜாலஹள்ளியில் கைக்கடிகாரமும் செய்ய ஆரம்பித்தது. முதல் தொகுதியை வெளியிட்டவர் பண்டித நேரு. ஆபீஸுக்கு ஜனதா, கல்யாணத்துக்கு சோனா. மெல்லிய உடம்பு, தங்க முலாம். அசல் தங்கக் கடிகாரம் சம்பளக்காரர்களுக்கு எட்டாத காலம் அது. 14 காரட்டுக்கு மேல் புது நகையே செய்யக் கூடாது என்று 1963-ல் வந்த உத்தரவு பலருக்கு ஞாபகம் இருக்கலாம். ஆகவே மாப்பிள்ளை கைக்கு முலாம் போட்டதுதான் வந்தது.

உங்கள் பீரோவில் இருப்பது முலாமா, அசலா? பின்மூடியைத் திறக்கச் சொல்லி உட்புறத்தைப் பாருங்கள். பழைய சுவிஸ் கடிகாரமாக இருந்து, 18 காரட் அல்லது 750 என்ற எண்ணும் ஒரு பெண்ணின் தலை முத்திரையும் இருந்தால் அசல். அணில் முத்திரை 14 காரட்டுக்கு. 20 மைக்ரான் என்று எழுதியிருந்தால் முலாம்.

அசல் தங்கத்துக்குத்தான் ஆபத்து அதிகம். எனக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தில் தாத்தாவின் சுவிஸ் கடிகாரத்தைப் பேரன் நகைக்கடைக்கு எடுத்துப் போனான். கேஸை எடை போட்டு எடுத்துக்கொண்டு, உள்ளே இருந்த இயந்திரத்தைக் காகிதத்தில் பொட்டலம் கட்டிக் கொடுத்துவிட்டார்கள். என்னிடம் கொண்டுவந்தபோது அது பொட்டலத்துக்குள் ஓடிக்கொண்டிருந்தது. அதே அளவில் இன்னொரு கேஸ் தேடி இரண்டு வருஷம் ஆகிறது.

முலாம் போட்டதை உருக்குவதில் லாபமே இல்லை. மேற்பரப்பு 15 சதுர செ.மீ., முலாம் 10 மைக்ரான் என்று தாராளமாகவே வைத்துக்கொண்டாலும், தங்கம் 0.3 கிராமுக்குள்தான். அதற்கு எதிரி பாலிஷ் சக்கரம். பட்டை மாட்டும் காதுகளின் முனையில் வியர்வையும் உராய்வும் முலாமைத் தின்று பித்தளை எட்டிப் பார்க்கும். உடனே, "புதுசாகப் பண்ணித் தருகிறேன்" என்பார்கள். சக்கரத்தில் கொடுத்தால் முனைகள் மழுங்கி, கேஸ் சோப்புக் கட்டி போல ஆகிவிடும். அதன்மேல் எத்தனை முலாம் பூசினாலும் பழைய வடிவம் வராது. டயலுக்கு மறுவர்ணம் அடிப்பது அதைவிட மோசம். எழுத்துகள் தடித்து, கோணி, ஹெச்.எம்.டி. என்ற பெயரே அந்நியமாகிவிடும். மஞ்சள் படிந்த அசல் டயல்தான் எனக்கு அழகு. வெளுத்த வேஷ்டிதான் அழகு என்று என் மனைவி வாதிடுகிறாள். வேஷ்டி வேறு, டயல் வேறு.

நாங்கள் செய்வது இவ்வளவுதான். பிரித்துக் கழுவி, பசையாய்ப் போன பழைய எண்ணெயை எடுத்து, 17 கற்களில் தேவையானவற்றுக்குப் புது எண்ணெய் வைத்து, தேவைப்பட்டால் மெயின்ஸ்பிரிங்கும் மேல் கண்ணாடியும் மாற்றுவது. இயந்திரம் நொடிக்கு 5 துடிப்பு, நாளொன்றுக்கு 4,32,000. ஒரு நாளைக்கு அரை நிமிஷம் முன்பின் ஆனால் எனக்குத் திருப்தி.

உதிரி பாகங்கள்தான் பிரச்சினை. ஹெச்.எம்.டி. வாட்சஸை மூட மத்திய அமைச்சரவை 2016 ஜனவரியில் முடிவெடுத்தது. செத்த கடிகாரத்திலிருந்து எடுத்துத்தான் மற்றதைப் பிழைக்க வைக்கிறோம். ஆகவே ஓடாததையும் பழைய சாமான்காரரிடம் போடாதீர்கள். ஜாலஹள்ளியில் 2019-ல் திறந்த ஹெச்.எம்.டி. மியூசியத்துக்குப் பேரக் குழந்தைகளை ஒரு முறை அழைத்துப் போங்கள். கண்ணாடிக்குப் பின்னால் மாமனார் போட்ட கடிகாரம் இருக்கலாம்.

அடுத்த கூட்டத்துக்கு வரும்போது வீட்டில் இருப்பதைக் கொண்டுவாருங்கள். உருப்பெருக்கிக் கண்ணாடியோடு காப்பி மேஜைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். ஓடுகிறதா என்று பார்க்க மட்டும் சாவி கொடுக்காதீர்கள். எண்ணெய் வறண்டிருந்தால் அச்சு தேய்ந்துவிடும்.