மருந்துச் சீட்டில் இடம்பெறாத காப்பி

மாரடைப்பிலிருந்து மீண்டவர்களுக்கு மருந்துகளால் வரும் பக்கவிளைவுகளை ஆராய இங்கே கூடியிருக்கிறோம். ஆஸ்பிரின், ஸ்டாட்டின், பீட்டா தடுப்பான், நைட்ரேட் ஆகிய ஒவ்வொன்றின் தொல்லைகளையும் நாம் வரிசையாகச் சொல்லிவிடுவோம். நோயாளி நாள்தோறும் அருந்தும் காஃபீனைப் பற்றி மட்டும் நம் குறிப்பேடுகளில் ஒரு வரிகூட இருப்பதில்லை. அதையும் மருந்துகளுள் ஒன்றாக எண்ணிப் பதிவுசெய்யாதவரை, எந்தத் தொல்லைக்கு எது காரணம் என்று நம்மால் தீர்ப்புச் சொல்ல முடியாது.

மாரடைப்பு கண்டவரிடம் புகையை விடச் சொல்கிறோம், சொல்லத்தான் வேண்டும். ஆனால் காஃபீனைச் சிதைக்கும் கல்லீரல் நொதியைத் தூண்டிவந்தது அந்தப் புகைதான். புகை நின்றதும் சில நாள்களிலேயே நொதியின் வேகம் தணிகிறது. குடிக்கும் காப்பி அதே அளவுதான். இரத்தத்தில் சேரும் காஃபீனோ ஏறத்தாழ இரு மடங்காகிறது. ஆய்வாளர் பெனோவிட்ஸின் குழுவினர் 1989இல் வெளியிட்ட ஆய்வில் இந்த உயர்வு பல வாரங்கள் நீடித்தது. இதே காலத்தில்தான் புதிய மாத்திரைகளும் தொடங்குகின்றன. படபடப்பு, கைநடுக்கம், தூக்கமின்மை என்று எது வந்தாலும் பழி மாத்திரையின்மேல் விழுகிறது. சிலர் தாமாகவே மாத்திரையை நிறுத்திவிடுகிறார்கள். ஸ்டென்ட் வைத்தவர் இரத்த உறைவுத் தடுப்பு மாத்திரையை இப்படி நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து. இதற்கு நேர்மாறாக, தீவிர சிகிச்சைப் பிரிவில் காப்பி திடீரென நின்றுபோனவருக்கு ஒரு நாளுக்குள்ளேயே தலைவலியும் சோர்வும் வரலாம். அந்தத் தலைவலி நைட்ரேட்டின் கணக்கிலும், சோர்வு பீட்டா தடுப்பானின் கணக்கிலும் ஏறிவிடுகின்றன.

அப்படியானால் காப்பியை அடியோடு விலக்கிவிடலாமே என்பார்கள். சான்றுகள் அதற்கு இடம் தரவில்லை. பிரேசிலின் போர்ட்டோ அலெக்ரேயில் இதயச் செயலிழப்பு உள்ள 51 பேருக்கு 500 மில்லிகிராம் காஃபீன் பகுதி பகுதியாகத் தரப்பட்டது. உடற்பயிற்சிச் சோதனையின்போதுகூட அவர்களுக்குத் துடிப்புக் கோளாறு கூடவில்லை. அதற்காகக் காப்பியை முற்றிலும் தீங்கற்றது என்றும் சொல்லமாட்டேன். 2023இல் வெளிவந்த ஓர் ஆய்வில், உடல்நலமுள்ளவர்களுக்கே காப்பி குடித்த நாள்களில் கீழறைகளின் முன்கூட்டிய துடிப்புகள் கூடின. தூக்கமும் சுமார் 36 நிமிடம் குறைந்தது.

பக்கவிளைவு பெரிதும் மனத்தின் எதிர்பார்ப்பே என்போர் லண்டனின் சாம்சன் ஆய்வைக் காட்டுவார்கள். தொல்லை தாங்காமல் ஸ்டாட்டினை விட்ட 60 பேரிடம், ஸ்டாட்டின் தந்த தொல்லையில் 90 விழுக்காட்டை வெற்று மாத்திரையே தந்தது. ஸ்டாட்டினின்மேல் விழுந்த பழியைத்தான் அந்த ஆய்வு குறைத்தது. நோயாளிகள் பட்ட தொல்லையைப் பொய் என்று அது சொல்லவில்லை. ஆகவே அதற்கு வேறு காரணம் உண்டா என்று தேடும் வேலை நமக்கு இருக்கிறது.

வீட்டுக்கு வீடு டிகாக்‌ஷனின் திடம் வேறு, சிக்கரியில் காஃபீனே இல்லை, நோயாளி அருந்தும் காஃபீனை எப்படி அளப்பது என்ற ஐயமும் நியாயமானதே. துல்லியமான அளவு தேவையில்லை. மாரடைப்புக்கு முன்னும் பின்னும் என்ன மாறியது என்று தெரிந்தாலே போதும். காப்பியும் தேநீரும் எத்தனை தம்ளர், கடைசித் தம்ளர் எப்போது, புகையை விட்டது எந்த நாளில் ஆகிய மூன்றையும் டிஸ்சார்ஜ் சீட்டில் எழுதுங்கள். இங்கே கட்டுரை படிக்கும் ஆய்வாளர்களும் தங்கள் தரவுகளில் இவற்றுக்கு இடம் தர வேண்டுமெனக் கேட்டுக்கொண்டு, அமர்வைத் தொடங்கிவைக்கிறேன்.