கொச்சிக்கடைத் தூணும் குருநாகல் கல்லும்

காலிமுகத்திடலும் தாமரைக் கோபுரமும் நீங்கள் பார்த்தவைதான். நாங்கள் வெள்ளவத்தையில் கடலோர ரயில் பாதைப் பக்கம் இறங்குவோம். தண்டவாளத்துக்கு அடியில் சல்லிக்கல், கடல் அரிக்காமல் இருக்கப் போட்ட பாறாங்கல், இரண்டையும் கருங்கல் என்றுதான் சொல்கிறோம். அலை நனைத்த ஒரு கல்லைக் குனிந்து பாருங்கள். கறுப்பாக மின்னுவது காக்காப்பொன், கண்ணாடி மாதிரி இருப்பது குவார்ட்ஸ், பால் நிறத்தில் ஃபெல்ட்ஸ்பார்.

பல கிலோமீற்றர் ஆழத்தில் பாறைக்குழம்பு ஆறுவதற்கு இலட்சக்கணக்கான வருடம்கூடப் பிடிக்கும். அதனால் மணிகள் பெரிதாக வளரும், அதுதான் கிரனைட். அதே குழம்பு எரிமலை வாயால் கொட்டிச் சட்டென்று இறுகினால் மணி கண்ணுக்குத் தெரியாது, பெயரும் ரயோலைட். இந்த இரண்டிலும் சிலிக்கா நூற்றுக்கு 70 அளவில் இருக்கும். அது 50க்கு இறங்கி, இரும்பும் மக்னீசியமும் கூடினால் கல் கறுக்கும். அப்போது ஆழத்தில் ஆறியது கப்ரோ, வெளியில் ஆறியது பசால்ட். எங்கே ஆறியது, என்ன கலந்திருக்கிறது: தீப்பாறைகளைப் பிரிப்பது பெரும்பாலும் இந்த இரண்டு கேள்வியை வைத்துத்தான்.

சரி, பஸ் ஏறிக் கொட்டாஞ்சேனைக்கு வாருங்கள். கொச்சிக்கடைப் பொன்னம்பலவாணேசர் கோவில். 1857இல் பொன்னம்பல முதலியார் கட்டியதை, மகன் சேர் பொன்னம்பலம் இராமநாதன் 1907 முதல் 1912 வரை கருங்கல்லால் புதிதாக எழுப்பினார். அவருடைய மாமன் மகன் யார் தெரியுமா? ஆனந்த குமாரசுவாமி! கலை அறிஞராகத்தான் அவரை எல்லோரும் அறிவார்கள். ஆனால் அவர் முதலில் பாறையியல் படித்தவர். இலங்கைக் கனிம ஆய்வுத் துறையின் முதல் இயக்குநர். 1904இல் தோரியனைட் என்ற கனிமத்தைக் கண்டறிந்தவரும் அவரே. ஒரே குடும்பத்தில் ஒருவர் கல்லை ஆராய, இன்னொருவர் கல்லில் கோவில் எடுத்தார் என்பது எனக்கு இன்றைக்கும் வியப்புத்தான்.

கோவிலைச் சுற்றிக்காட்டத்தான் வந்தேன், ஆனால் கல் என்னை விடுகிறதில்லை. கல்கத்தாவில் ஜோப் சார்னக் என்ற ஆங்கிலேயரின் கல்லறை இருக்கிறது. 1893இல் தோமஸ் ஹொலண்ட் என்ற பாறையியலாளர் அந்தக் கல்லைப் பார்த்தார். சென்னைக்குப் பக்கத்தில் பல்லாவரத்துக் குன்றுகளில் உள்ள அதே கரும்பாறை. செத்தவரின் பெயரால் அதற்குச் சார்னக்கைட் என்று பெயர் வைத்தார். கிரனைட் போலவேதான், ஆனால் ஹைபர்ஸ்தீன் என்ற கனிமம் சேர்ந்தது. குழம்பிலிருந்து பிறந்த தீப்பாறை என்றார் ஹொலண்ட். பின்னால் வந்தவர்கள், பழைய பாறையே ஆழத்தில் வெந்து இப்படியும் மாறும் என்று காட்டினார்கள். அதைக் கண்ணால் காண இந்தியாவுக்குப் போக வேண்டியதில்லை. எங்கள் குருநாகலிலேயே, கல் உடைக்கிற இடங்களில், வெளிறிய வரிப்பாறைக்குள் கரும்பச்சைத் திட்டுத்திட்டாகச் சார்னக்கைட் நிற்கிறது. மாற்றம் பாதியில் நின்றுபோன பாறை அது!

இலங்கை நிலத்தில் பத்தில் ஒன்பது பங்கு இப்படி உருமாறிய பாறைதான். அசல் கிரனைட் பார்க்க ஆசையென்றால் ஆனமடுவைக்குப் பக்கத்தில் தோணிகல என்ற இடத்துக்குப் போங்கள், இளஞ்சிவப்புக் கல். கல்லின் மணிகள் திசையில்லாமல் கலைந்து கிடந்தால் குழம்பு ஆறிப் பிறந்ததாக இருக்கும். வரிவரியாக ஓடினால் அழுத்தத்தில் உருமாறியது. கொச்சிக்கடைக் கோவிலில் எண்ணெய் படாத ஒரு தூணாகத் தேடிப் பாருங்கள். காலை வெயில் சாய்வாக விழும்போது, வரி இருந்தால் நன்றாகத் தெரியும்.