மங்கலமும் துப்பாக்கிச் சத்தமும்



திரைப்படங்களின் முதற் காட்சி பற்றிய கருத்தரங்குக்கு என்னைத் தலைவராக்கியிருக்கிறீர்கள். சிறுவயதில் நான் எந்தப் படத்தின் முதற் காட்சியையும் பார்த்தவனில்லை. உழுந்தை ஆட்டி மூடி வைக்காமல் பெரியம்மா வீட்டை விட்டு இறங்கமாட்டா. கொட்டாஞ்சேனைத் தியேட்டருக்குள் இருட்டில் ஆட்களின் காலை மிதித்துக்கொண்டு நாங்கள் நுழையும்போது கதை எங்கோ போயிருக்கும். ‘அந்த நாள்’ பழைய படமாக மீண்டும் ஓடியபோது பெரியம்மா பக்கத்து ஆளிடம் கேட்டா: "சிவாஜி எப்ப வருவார்?"

"அவர் செத்துப் போனாரே, அம்மா."

1954இல் வந்த அந்தப் படத்தில் இயக்குநர் எஸ். பாலச்சந்தர் ஒரு பாட்டும் வைக்கவில்லை. துப்பாக்கி வெடிக்கிறது, கதாநாயகன் விழுகிறான், பிறகுதான் அவன் யாரென்று ஒவ்வொருவர் வாயாலும் அறிகிறோம். துப்பறியும் கதைக்கு இது இயல்பு என்று சொல்லிவிடலாம். ஆனால் மங்கலம் பாடித் தொடங்கிப் பழகிய நமக்கு, பிணத்தில் தொடங்குவது சின்னத் துணிச்சலல்ல.

அந்தப் பழக்கத்துக்குள்ளும் ஒரு சூது இருக்கிறது. சிலப்பதிகாரம் மங்கல வாழ்த்தில், கல்யாண வீட்டில் தொடங்குகிறது. பிரியாமல் வாழுங்கள் என்று பெண்கள் வாழ்த்தும்போதே பிரிவு வாசலில் வந்து நிற்கிறது. 2002இல் மணிரத்னத்தின் ‘கன்னத்தில் முத்தமிட்டால்’ மாங்குளத்துக் கல்யாணத்தில் தொடங்கியபோது எனக்கு இளங்கோதான் நினைவுக்கு வந்தார். போரைச் சொல்லவந்த படம் குண்டில் தொடங்கவில்லை. சென்னையில் பார்த்தவருக்கு மாங்குளம் ஒரு பெயர். நமக்கு அது ஏ9 வீதியில் முல்லைத்தீவுக்குத் திரும்பும் சந்தி. போர்நிறுத்த உடன்படிக்கை கையெழுத்தானதும் படம் வந்த அதே பெப்ரவரியில்தான். மணமக்களைக் கண்டதுமே என் பக்கத்திலிருந்த அம்மா ஒருவர் "ஐயோ" என்றார். திரையில் அதுவரை ஒரு கெடுதலும் நடக்கவில்லை. அந்த "ஐயோ"வை இயக்குநர் எழுதவில்லை, நாம்தான் கொண்டுபோனோம். ஆகவே முதற் காட்சியை ஆராய்கிறவர்கள் திரையை மட்டும் பார்த்தால் போதாது, நாற்காலிகளையும் பார்க்கவேண்டும் என்பது என் கட்சி.

பாரதிராஜாவின் ‘16 வயதினிலே’ (1977) பற்றி ஒரு சொல். அதில் மங்கலமும் இல்லை, மரணமும் இல்லை. ரயில் நிலையத்தில் மயில் காத்திருக்கிறாள், அவ்வளவுதான். ஏன், யாருக்காக என்பதற்கு முழுப் படமும் வேண்டியிருக்கிறது. கிராமத்துக் கதைக்கு இதைவிடப் பொறுமையான தொடக்கத்தை நான் கண்டதில்லை. மறுப்பவர்கள் தேநீர் இடைவேளையில் என்னோடு கதைக்கலாம்.

முதலாவது கட்டுரையாளரை அழைக்கிறேன். கதவடியில் நிற்கிறவர்கள் தயவுசெய்து உள்ளே வந்து இருங்கள், இன்னும் தொடங்கவில்லை.