கோலத்தைப் பள்ளிக்குள் விடுங்கள்

தொடக்கப் பள்ளியில் ஓவியம் என்றால் இன்றும் பெரும்பாலும் இரண்டு மலை, நடுவே சூரியன், கீழே ஒரு குடிசை. கரும்பலகையில் இருப்பதைப் பிள்ளை நோட்டில் இறக்க வேண்டும். ஆலைகளுக்குக் கைத்திறன் வேண்டும் என்று பத்தொன்பதாம் நூற்றாண்டு இங்கிலாந்து வகுத்த வழி அது. ஆட்சியோடு சேர்ந்து இங்கே வந்தது. சரி, அந்நிய முறையை எடுத்துவிட்டு நம் மரபை வைத்தால் தீர்ந்துவிடுமா? ஜப்பானைப் பாருங்கள். 1880களில் அங்கே பள்ளிப் பிள்ளைக்குப் பென்சிலா, தூரிகையா என்று பெரிய வாதம் நடந்தது. தூரிகை பாடநூலுக்குள் வந்தது. ஆனாலும் பிள்ளைகள் பார்த்துத்தான் வரைந்தார்கள்! அதை எதிர்த்துத்தான் 1919இல் ஓவியர் யாமாமோட்டோ கனாயே நாகானோவில் சுதந்திர ஓவிய இயக்கத்தைத் தொடங்கினார். தூரிகை வந்தபோது கருவிதான் மாறியது, பழக்கம் மாறவில்லை.

ஆகவே மரபின் படத்தை அல்ல, அதன் விதியைப் பள்ளிக்குள் கொண்டுவாருங்கள் என்கிறேன். புள்ளி எதையும் விடாமல் கம்பியை வளைத்து, தொடங்கிய இடத்திலேயே முடிக்கும் சிக்குக் கோலத்தில் விதியும் உண்டு, அந்த விதிக்குள் புதிதாகப் போடும் உரிமையும் உண்டு. ஐந்து புள்ளியில் பிடிபட்டதைப் பதினைந்துக்கு விரிக்கலாம். இது வெறும் பெருமைப் பேச்சு அல்ல. நம் குன்றத்தூருக்குப் பக்கத்திலுள்ள தாம்பரத்தில், சென்னைக் கிறித்தவக் கல்லூரியைச் சேர்ந்த கிஃப்ட் சிரோமணியும் ராணி சிரோமணியும் கமலா கிருதிவாசனோடு சேர்ந்து 1974இல் எழுதிய ஆய்வுக் கட்டுரை, கோலத்தை, படங்களை விதிகளால் உருவாக்கும் கணினியியலின் வரிசை இலக்கணத்தோடு இணைத்துக் காட்டியது. கணினி படிப்பவர்களுக்குப் பாடமானது மூன்றாம் வகுப்புக்கு ஆகாதா?

கோலம் ஒரு மதத்தாருடையது, பெண்களுடையது என்பார்கள். நியாயமான கேள்விதான். பெண்ணுக்கு மட்டும் என்று ஒதுக்கியது வீடு; பள்ளி ஏன் அதைத் தொடர வேண்டும்? ஒரகடம், இருங்காட்டுக்கோட்டை ஆலைகளை நம்பி ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்த குடும்பங்கள் நம்மைச் சுற்றி இருக்கின்றன. அரிசி மாவில் ஒடிசாவில் ஜோட்டி போடுகிறார்கள், பீகாரின் மிதிலையில் அரிபன் போடுகிறார்கள். மருதாணி இடும் கைகளுக்கும் கொடியும் பூவும் தெரியும். ஒவ்வொரு பிள்ளையும் தன் வீட்டு விதியைச் சொல்லட்டும், மற்றவர்கள் அதை மீறிப் பார்க்கட்டும். ஆசிரியர் எங்கே என்பது அடுத்த கேள்வி. தமிழக அரசு 2012இல் நியமித்த பகுதிநேர ஓவிய ஆசிரியர்கள்கூட ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரைக்குத்தான். ஆனால் இதற்குத் தனி ஆசிரியர் வேண்டாம். வகுப்பாசிரியரும், வாரம் ஒருநாள் வரும் ஒரு தாயும், பள்ளி முற்றமும் போதும். பள்ளி மேலாண்மைக் குழுவில் இருப்பவர்கள் இந்த அரங்கிலேயே இருக்கிறீர்கள். அடுத்த கூட்டத்தில் இதை ஒரு பொருளாக வையுங்கள். மதிப்பெண் மட்டும் போட வேண்டாம் என்று அதிலேயே எழுதிவிடுங்கள்.