பாலத்துக்கு அப்பால் ஒரு பட்டறை



1992ஆம் ஆண்டு. சான் பிரான்சிஸ்கோவில் குடியிருந்த கணிப்பொறிக் கலைஞர் ஒருவர் நாள்தோறும் கோல்டன் கேட் பாலத்தைக் கடந்து, வடக்கே சான் ரஃபேலுக்குக் காரோட்டிச் செல்வார். பாலத்தின்மேல் மூடுபனி; அப்பால் மலையைக் குடைந்த பாதை; அதன் வாயில் வளைவில் தீட்டப்பட்ட வானவில். சுங்கக் கட்டணமோ நகருக்குத் திரும்புகையில் மட்டும். "வேலைக்குப் போவது இலவசம்; வீடு திரும்பவே விலை" என்று அவர் பின்னாளில் நகைப்பதுண்டு.

பணியிடத்தின் வாசலில் ஒளியியல் ஆய்வகம் என்றொரு பெயர்ப்பலகை. வேடிக்கை பார்ப்போரைத் தவிர்க்கும் உபாயம் அது. உள்ளே இயங்கியதோ, ஜார்ஜ் லூக்காஸ் 1975இல் நிறுவிய இண்டஸ்ட்ரியல் லைட் அண்ட் மேஜிக். அங்கேதான் ஸ்டீவன் ஸ்பீல்பெர்க்கின் 'ஜுராசிக் பார்க்' படத்து விலங்குகள் ஓடப் பழகின.

அவ்விலங்குகளைப் பொம்மைகளாகச் செய்து, நொடிக்கு 24 படங்கள் என்ற கணக்கில் சிறிது சிறிதாய் அசைத்துப் படமாக்குவதே முதல் திட்டம். அக்கலையில் வல்லவர் ஃபில் டிப்பெட். கணிப்பொறியில் செய்த சோதனைக் காட்சியைக் கண்டதும் திட்டம் மாறிற்று. தம் இனமே அழிந்துபோயிற்று என்னும் பொருள்பட டிப்பெட் சொன்னார். அக்கருத்தை ஸ்பீல்பெர்க் படத்தின் உரையாடலிலேயே சேர்த்துக்கொண்டார்.

நம் கலைஞருக்கோ அது வெறும் வேடிக்கையாகப் படவில்லை. தம் வெற்றி மற்றொருவர் கைத்தொழிலை வீழ்த்துகிறதே என்ற உறுத்தல், மாலைப் பயணங்களில் அவருடன் வந்தது.

ஆனால் பட்டறை வேறொன்றைக் கற்பித்தது. கணிப்பொறி உருவத்தைத் தந்தது. உடலின் பாரத்தைத் தரவில்லை. கால் ஊன்றும்போது தசை எவ்வாறு அதிரும், திரும்புமுன் தலை எங்கே சாயும் என்பதெல்லாம் பொம்மையை அசைத்துப் பழகிய கைகளுக்கே தெரிந்திருந்தன. டிப்பெட் விலகவில்லை, இயக்கத்துக்கு வழிகாட்டியாக நின்றார். மூட்டுதோறும் உணர்கருவி பொருத்திய எலும்புக்கூட்டுப் பொம்மை ஒன்று உருவாயிற்று. கையால் அதை அசைத்தால் அவ்வசைவு கணிப்பொறிக்குள் பதியும். கணிப்பொறிக் கலைஞர்களோ வெளியே சென்று தாமே விலங்குகளைப்போல் ஓடி, அதைப் படமெடுத்துப் பார்த்துப் பயின்றனர்.

1993 ஜூனில் படம் வெளிவந்தது. 127 நிமிடப் படத்தில் கணிப்பொறி விலங்குகள் தோன்றுவது சில நிமிடங்களே. 1994இல் காட்சி விளைவுகளுக்கான ஆஸ்கர் விருது பெற்ற நால்வருள் டிப்பெட்டும் ஒருவர்.

கவிஞர்களே, மரபா புதிதா என நாம் இன்னும் வழக்காடுகிறோம். யாப்பை விடுவோர் விடலாம். யாப்பு பழக்கிய செவியை விட்டுவிட்டால் சொல் நடக்கும், அதற்குப் பாரம் இராது. அன்று அக்கலைஞர் பாலத்தில் செலுத்திய கட்டணம் சிறிது. பட்டறையில் பட்ட கடனே பெரிது.